யாருதை யார் வழங்குவது? பழங்குடித் தன்னாட்சிப் பேச்சில் வரும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. காலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள், மாலையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள், ஞாயிறு சாயங்காலம் வாசித்துப் பேச உட்காரும் நாங்கள் ஏழெட்டுப் பேர். கல்லூரிப் பட்டிமன்றம் ஒன்றுக்காகப் பழங்குடித் தன்னாட்சி பற்றிப் படிக்க ஆரம்பித்தோம். படித்ததைவிடச் சொற்களைப் பற்றிச் சண்டை போட்டதுதான் அதிகம். அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை.

எண்ணூர், காசிமேட்டுப் பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது. கனடா, நியூசிலாந்துக் கதை நமக்கு எதற்கு?

பேப்பரில் வந்த ஒரு வரிதான் காரணம். “பழங்குடிகளுக்குக் கனடா அரசு தன்னாட்சி வழங்கியது” என்று பாலிடெக்னிக் படிக்கும் தம்பி உரக்க வாசித்தான். மூலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், நாற்பது வருஷம் கட்டுமரம் ஏறியவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: “யாருத யாரு குடுக்குறதுப்பா?” அன்று அந்த வரியைத் தாண்டி நாங்கள் போகவில்லை.

‘வழங்கியது’ என்று எழுதினால் என்ன தப்பு? செய்தி நடையே அப்படித்தானே?

நடைதான். ஆனால் வழக்கு முழுக்க அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. கொடுத்தவனுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு என்ற எண்ணம் ‘வழங்கு’வுக்குள் ஒளிந்திருக்கிறது. பழங்குடித் தலைவர்கள் சொல்வது வேறு: நீங்கள் கப்பலில் வருவதற்கு முன்பே எங்களுக்குச் சபை இருந்தது, சட்டம் இருந்தது, எல்லை இருந்தது, அதை நீங்கள் தர வேண்டாம், இருப்பதை ஒத்துக்கொண்டால் போதும்.

கனடாவின் 1982 அரசமைப்புச் சட்டத்தில் 35ஆம் பிரிவு இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதப்பட்டது. பூர்வகுடி மக்களின் ‘ஏற்கெனவே இருக்கிற’ உரிமைகள் ‘ஏற்கப்பட்டு உறுதிசெய்யப்படுகின்றன’ என்கிறது அது. வழங்கப்படுகின்றன என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமைகளில் தன்னாட்சியும் அடங்குமா என்பதை அந்தப் பிரிவு வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் பிரதமரும் மாகாண முதல்வர்களும் பூர்வகுடித் தலைவர்களும் மேசை மேசையாக உட்கார்ந்து பேசியும் முடிவில்லை. 1992இல் அரசமைப்பைத் திருத்த எழுதிய சார்லட்டவுன் உடன்பாட்டில் ‘பிறப்பிலேயே உள்ள தன்னாட்சி உரிமை’ என்ற தொடர் எழுத்தில் ஏறியது. வாக்கெடுப்பில் மொத்த உடன்பாடும் தோற்றது, தொடரும் கூடவே போனது. 1995இல் மத்திய அரசு அதே தொடரைத் தன் கொள்கை அறிக்கையில் எழுதிக்கொண்டது. அரசமைப்பில் நுழைய முடியாத சொல் கொல்லைப்புறமாக உள்ளே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘அங்கீகரித்தல்’ என்ற சொல் இருக்கிறது. காடு சார்ந்த மக்களுக்கு வரலாற்றில் நடந்த அநீதியைத் திருத்துவதற்காக என்று முகவுரை ஒப்புக்கொள்கிறது. இப்படி ஒரு சட்டம் தன் பாவத்தைத் தானே ஒப்புக்கொள்வது அபூர்வம். ஆனால் மறுநாள் பேப்பரில் என்ன வரும்? ‘பழங்குடியினருக்குப் பட்டா வழங்கினார்’. பக்கத்தில் புகைப்படம், சால்வை.

திருக்குறள் குடிமை அதிகாரத்தில் (955) ‘பழங்குடி’ என்ற சொல் வருகிறது. அங்கே அதற்குத் தொன்றுதொட்டு வரும் நல்ல குடும்பம் என்று பொருள். கொடுக்கக் கையிருப்பு சுருங்கிப்போனாலும் பழங்குடி தன் பண்பிலிருந்து விலகாது என்கிறது அந்தக் குறள். அதாவது வள்ளுவரிடம் வழங்குகிற கை பழங்குடியுடையது. நம் செய்தித்தாளில் வாங்குகிற கை.

பழங்குடி, ஆதிவாசி, பூர்வகுடி: எதைச் சொல்வது?

ஒரே வரியில் பதில் கேட்பவர்களுக்கு: இந்தியச் சட்டம் பேசும்போது ‘பழங்குடியினர்’ அல்லது ‘பட்டியல் பழங்குடியினர்’, உலக அளவில் பேசும்போது ‘பூர்வகுடி மக்கள்’, ஒரு சமூகத்தைக் குறிப்பாகச் சொல்லும்போது அவர்கள் பெயர். இருளர், தோடர், மாவோரி, இனுயிட் என்று பெயர் இருக்கும்போது பொதுச்சொல் எதற்கு? ‘செவ்விந்தியர்’ வேண்டவே வேண்டாம். இந்தியாவும் இல்லை, சிவப்பும் இல்லை. கொலம்பஸ் வழி தவறிய கணக்கை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

நேரம் இருப்பவர்களுக்கு: அரசியல் நிர்ணய சபையில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் முண்டா அந்தச் சபையில் உறுப்பினர். ‘ஆதிவாசி’ என்ற சொல்தான் வேண்டும் என்று நின்றார். ஆதி என்றால் முதல். முதலில் வந்தவன் என்ற உரிமை அந்தச் சொல்லில் இருக்கிறது. அம்பேத்கர், அது பொதுவான சொல், சட்டத்தில் அதற்குத் திட்டவட்டமான பொருள் இல்லை என்றார். பட்டியல் என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று எண்ணிவிடலாம். பட்டியல்தான் வென்றது. இன்றும் 342ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் பழங்குடி. நரிக்குறவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏற 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள்வரை அவர்கள் என்னவாக இருந்தார்களாம்?

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். ‘ஆதி’ என்ற சொல்லை இங்கே வேறொரு போராட்டம் முன்பே எடுத்துக்கொண்டது. 1922இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றம் ஏற்று, இழிவாக வழங்கிய பெயர்களுக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ என்று அரசு ஆவணங்களில் எழுத வைத்தது. அதனால் ‘ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை’ என்று பலகையைப் படிக்கும்போது, முதலில் வந்தவர்களும் மூத்தவர்களும் ஒரே கட்டடத்தில், ‘நலம்’ என்ற சொல்லுக்குக் கீழே காத்திருப்பது தெரியும்.

குடிசைகளை அகற்றும்போது “நாங்கள் சென்னையின் பூர்வகுடிகள்” என்று கோஷம் போடுகிறோமே, அது தவறா?

தவறில்லை. கூவம் கரையிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டவர்களிடம் போய்ச் சொல்லாராய்ச்சி நடத்த எனக்கு மனமில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எங்களை ஆக்கிரமிப்பாளர் என்கிறார்களே என்பதுதான் அந்தக் கோஷத்தின் பொருள். ஆனால் மேடையில் பேசும்போது வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோஷம் நகரத்தில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கிறது. கனடாவின் நிஸ்கா மக்கள் கேட்டது சட்டம் இயற்றும் உரிமை. 2000ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தின் மூலம் நாஸ் பள்ளத்தாக்கில் அவர்களுக்குத் தனி அரசு இருக்கிறது.

மீனவர்களைக் ‘கடல் பழங்குடி’ என்று அறிவிக்கச் சொல்கிறார்களே, அது நடக்குமா?

கோரிக்கை பழையது, தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறும். நடக்குமா என்று நான் குறி சொல்லவில்லை. அளவுகோலை மட்டும் சொல்கிறேன். 1965இல் பழங்குடிப் பட்டியலைத் திருத்த அமைத்த லோகூர் குழு ஐந்து அடையாளங்களைப் பட்டியலிட்டது: பழமையான வாழ்க்கைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் ஒதுக்கம், வெளியாரோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை. இதைப் படித்துக் காட்டியபோது படிப்பகத்தில் சிரிப்பு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவர் யாரும் ‘கூச்சம்’ என்ற பேச்சையே எடுக்க மாட்டார்.

சிரிப்பு அடங்கியபின் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: “அப்போ உரிமை வேணும்னா கூச்சப்படற மாதிரி நடிக்கணுமா அண்ணா?” அந்த அளவுகோலைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. ஒரு மக்கள் தம்மைத்தாமே ஆள்வதற்குத் தகுதி, அவர்கள் ‘பின்தங்கி’ இருப்பது என்றால், முன்னேறிய அன்றே தகுதி போய்விடுமே.

தன்னாட்சி, சுயாட்சி, சுயநிர்ணயம், இறையாண்மை: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் தமிழில் இவை ஏற்கெனவே வேறு வழக்குகளில் புழங்கிய சொற்கள். ‘சுயாட்சி’ என்றதும் நம் காதில் ‘மாநில சுயாட்சி’ ஒலிக்கும்: 1969இல் அமைத்த ராஜமன்னார் குழு, 1974இல் சட்டமன்றத் தீர்மானம். அது தில்லிக்கும் சென்னைக்கும் நடந்த வழக்கு. பழங்குடித் தன்னாட்சியில் எதிர்த்தரப்பு தில்லி மட்டுமில்லை, சென்னையும்தான். நீலகிரியில் கானகத்துக்குள் போகும் பாதையை மூடும் அதிகாரி மாநில அரசின் சம்பளம் வாங்குகிறவர். இதை மறந்துவிட்டுத்தான் நம்மில் பலர் கனடாவுக்குக் கைதட்டுகிறோம்.

‘சுயநிர்ணயம்’ பெரிய சொல். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுப்பேரவை பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 144, எதிர்ப்பு 4. எதிர்த்த நால்வர்: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. யாருடைய வீடு பிறர் மனையில் நிற்கிறதோ அவர்களுக்குத்தான் பத்திரப் பேச்சு பிடிக்கவில்லை; பிற்பாடு நால்வருமே மனம் மாறினார்கள். அந்தப் பிரகடனத்தின் 3ஆம் பிரிவு சுயநிர்ணயம் என்கிறது. 4ஆம் பிரிவு அதை உள்ளூர் விஷயங்களில் தன்னாட்சி என்று சுருக்குகிறது. 46ஆம் பிரிவு, நாட்டின் எல்லைக்குப் பங்கம் வரக்கூடாது என்று கதவைச் சாத்துகிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கூடவே, விடுதலையின்போது இங்கிருந்த எல்லோருமே பூர்வகுடிதான் என்பது தன் நிலைப்பாடு என்றும் சொல்லி வைத்தது. எல்லோரும் பூர்வகுடி என்றால் யாரும் பூர்வகுடியில்லை. ஆமாம் என்று சொல்லியே இல்லை என்கிற சாமர்த்தியம்.

‘இறையாண்மை’யில் இருக்கும் ‘இறை’க்குக் கடவுள், அரசன் என்ற பொருள்களோடு வரி என்றும் பொருள் உண்டு. கல்வெட்டில் ‘இறையிலி’ என்றால் வரியில்லா நிலம். நிஸ்கா ஒப்பந்தத்தில் வரி விதிக்கும் அதிகாரம் அவர்கள் அரசுக்கு வந்தது. பழைய சட்டத்தில் அவர்களுக்கு இருந்த வரிவிலக்கோ படிப்படியாகப் போனது. தன் இறையைத் தானே கட்டத் தொடங்குவதும் ஒரு வகையில் இறையாண்மைதான் போலிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துக்குச் சண்டை நடந்தது என்கிறார்களே?

நடந்தது. ‘பீப்பிள்’ என்று ஒருமையில் சொன்னால் வெறும் ஜனத்தொகை, கடைசியில் பன்மை எழுத்து ஒன்று சேர்ந்து ‘பீப்பிள்ஸ்’ ஆனால் தனித்தனி மக்களினங்கள். மக்களினம் என்றால் சுயநிர்ணயம் கேட்கலாம் என்பதால் அரசுகள் அந்த எழுத்துக்குப் பயந்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1957 உடன்படிக்கை ‘மக்கள்தொகை’ என்ற பொருளில் எழுதியது. இந்தியா அதை ஏற்றது. 1989இல் வந்த 169ஆம் உடன்படிக்கை ‘மக்களினங்கள்’ என்றது. இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. தமிழில் ‘மக்கள்’ பிறக்கும்போதே பன்மை. மொழிபெயர்த்தால் அந்தச் சண்டையே காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் தமிழில் எழுதும்போது ‘மக்களினங்கள்’ என்று கொஞ்சம் கரடுமுரடாகவே எழுதச் சொல்கிறேன்.

கனடாவின் பூர்வகுடிகள் ‘முதல் நாடுகள்’ என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்களே, நாடு என்றால் பிரிவினை இல்லையா?

கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று மலையாளிப் பழங்குடிகளின் ஊர்த்தொகுதிகள் இன்றும் நாடுகள்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்றால் ஊர்கள் சேர்ந்த வட்டாரம், நாட்டார் என்றால் அதன் சபை. ‘தமிழ்நாடு’ என்று 1967இல் சட்டமன்றம் பெயர் கேட்டது, 1969 முதல் அதுவே பெயர், இந்தியா உடையவில்லை. நாட்டுக்குள் நாடு இருப்பது நம் மொழிக்குப் புதிதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1831இல் செரோக்கி மக்களை ‘உள்நாட்டுச் சார்பு நாடு’ என்று சுற்றிவளைத்துச் சொன்னது. நம் பாட்டிகள் ‘மலைநாடு’ என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் சொல்லுக்குப் பயப்படும் அரசு இங்கேயும் உண்டு. ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் 2017, 2018இல் முண்டா மக்கள் ஊர் எல்லையில் பெரிய கற்களை நட்டு, அரசமைப்பின் பிரிவுகளையும் கிராம சபை அதிகாரத்தையும் அதில் எழுதினார்கள். பத்தல்கடி என்று பெயர். முன்னோருக்குக் கல் நடுவது அவர்கள் வழக்கம். நடுகல் தெரிந்த நமக்கு விளக்கம் வேண்டாம். அதற்கு தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2019 டிசம்பரில் ஆட்சி மாறியதும் வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தார்கள்.

மொழிபெயர்ப்பால் ஒரு நாட்டின் தலையெழுத்தே மாறியது உண்டா?

உண்டு, நியூசிலாந்தில். 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் ஒப்பந்தம் போட்டார்கள். பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும் ஒரே இரவில் அதை மாவோரியில் எழுதினார்கள். ஆங்கிலப் படியில் தலைவர்கள் ‘இறையாண்மை’யை விட்டுக்கொடுத்தார்கள். மாவோரிப் படியில் விட்டுக்கொடுத்தது ‘காவனதங்கா’: கவர்னர் என்ற சொல்லிலிருந்து செய்த புதுச்சொல், நிர்வாகம் என்று சொல்லலாம். தங்கள் நிலத்தின் மீதும் ஊரின் மீதும் முழுத் தலைமையை, ‘தினோ ரங்கதிரதங்கா’வை, அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பமிட்டதில் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் படியில். அன்று ஒப்பமிட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுத்தரவில்லை என்று வைத்தாங்கித் தீர்ப்பாயம் 2014இல் சொன்னது. ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைப் புதுச்சட்டத்தால் திருத்தி எழுதப் பார்த்த மசோதாவை 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. 185 வருஷம் ஆகியும் இரண்டு சொற்கள் ஆறவில்லை.

கருத்துக் கேட்பும் ஒப்புதலும் ஒன்றுதானே?

இதை எண்ணூர்க்காரர்களிடம் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆலை வருகிறது என்றால் அங்கே கருத்துக் கேட்பு இப்படித்தான்: கல்யாண மண்டபத்தில் சாமியானா, முன்வரிசையில் வெளியூரிலிருந்து வேனில் வந்தவர்கள், கையில் மைக், மேடையில் அதிகாரிகள், தடிமனான அறிக்கை. நீங்கள் பேசுவது பதிவாகும். அவ்வளவுதான். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னாலும், வேண்டாம் என்றார்கள் என்று பதிவாகும்.

இந்த இடைவெளிதான் உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தின் நடுப்புள்ளி. ஹைடா மக்களின் வழக்கில் 2004இல் கனடா உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளோடு கலந்து பேசுவது அரசின் கடமை என்றது. அதற்காக அவர்கள் தடுத்து நிறுத்தலாம் என்று பொருளில்லை என்றும் சொன்னது. ஐ.நா. பிரகடனம், கட்டாயமில்லாமல், முன்கூட்டியே, முழு விவரம் தெரிந்து தரும் ஒப்புதல் என்கிறது. ஒடிசாவின் நியாம்கிரியில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தைப் பற்றி 2013 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம், கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் மக்கள் தங்கள் மலைத்தெய்வத்தைப் பற்றி, தங்கள் மொழியில், மாவட்ட நீதிபதியின் முன்னால் பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அந்தக் கூட்டங்களுக்கும் நம் மண்டபக் கூட்டத்துக்கும் ஒரே வேறுபாடு, அங்கே ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எடை இருந்தது.

அப்படியானால் தமிழ்நாட்டு மலைகளிலும் ஐந்தாம் அட்டவணை உண்டா?

இல்லை. பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகத்துக்குத் தனி விதி சொல்லும் அரசமைப்பின் பகுதி அது. பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு, தமிழ்நாடு அதில் இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபை அதிகாரத்தைச் சொல்லும், 1996இல் வந்த பெசா சட்டமும் இங்கே பொருந்தாது. பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இங்குள்ள பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்.

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தும் தன்னாட்சிதானே? அதைப் பற்றி ஏன் பெருமை பேசுவதில்லை?

பேசலாம், கூடவே கொஞ்சம் கூசவும் வேண்டும். எந்த வலை ஆகாது, யார் எப்போது கடலுக்குப் போகக் கூடாது, வரியாக எவ்வளவு கட்டுவது என்று நம் குப்பங்களில் பஞ்சாயத்தார் இன்றும் தீர்மானிக்கிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ முறை: எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அரசு எழுதித் தராத சட்டம். அறிவுள்ள சட்டமும்கூட.

ஆனால் அந்தப் பாடு முறையில் யாருக்கு இடமில்லை? பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இல்லை. சட்டப்படி பழங்குடி அவர்கள்தான். அதிலும் மிகவும் நலிந்த பழங்குடி என்று தமிழ்நாட்டில் அரசு குறித்திருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று. தன்னாட்சி செய்கிறவன் வேறு, பழங்குடி வேறு என்ற விசித்திரம் நம் கழிமுகத்திலேயே இருக்கிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்கார இடமிருக்கிறதா என்பதையும், மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் நம் அக்காமார்களிடமே கேளுங்கள்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. நாகாலாந்தில் நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 33 சதவீதம் என்றதும், எங்கள் மரபுச் சட்டத்தில் கைவைக்காதே என்று 2017இல் கலவரம் மூண்டது. பெண்களுக்கான இடங்களோடு தேர்தல் நடந்தது 2024 ஜூனில்தான். கனடாவிலோ கதை தலைகீழ். வெளியாரை மணந்த பெண்ணின் பூர்வகுடித் தகுதியைப் பறித்தது மரபு இல்லை, அரசின் இந்தியர் சட்டம். 1985வரை அது நீடித்தது. ஆகவே ‘மரபு என்றால் பெண்ணடிமை, அரசு என்றால் சமத்துவம்’ என்று எதிரணி சொன்னால் அப்படியே விழுங்க வேண்டாம். மேடையில் உத்திரமேரூர் குடவோலையைக் காட்டி மார்தட்டுபவர்களும், ஓலையில் பெயர் எழுத நிலமும் வேதப் பயிற்சியும் தகுதியாகக் கேட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆஸ்திரேலியாவில் ‘குரல்’ ஏன் தோற்றது?

நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளின் குழு ஒன்றை அரசமைப்பில் சேர்ப்பதா என்று 2023 அக்டோபர் 14 அன்று வாக்கெடுப்பு. ஆறு மாநிலங்களிலும் தோல்வி, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். காரணங்கள் பல. சொல் அளவில் ஒன்று: ‘தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு’ என்ற எதிர்ப்பிரசார வரி. ‘குரல்’ மென்மையான சொல், கேட்டவருக்கு அதில் எவ்வளவு அதிகாரம் என்று தெரியவில்லை; பயந்தவர்களுக்கு அதிகமாகவும், பூர்வகுடிகளிலேயே சிலருக்குக் குறைவாகவும் பட்டது.

திருவொற்றியூரில் கிராம சபை நடக்குமா?

நடக்காது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தன. 200 வார்டுகளில் நாம் சில வார்டு. 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் எப்போது கூடியது என்று தெரிந்தவர்கள் படிப்பகத்துப் பலகையில் எழுதிவிட்டுப் போகவும்.

அந்தப் பட்டிமன்றம் என்ன ஆனது?

‘பழங்குடியினருக்குத் தன்னாட்சி வழங்கலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. ‘வழங்கலாமா’வை ‘ஏற்கலாமா’ என்று மாற்றச் சொல்லி எழுதினோம். நோட்டீஸ் அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது. எங்கள் படிப்பகத்துப் பெண் தனக்கிருந்த ஆறு நிமிஷத்தில் இரண்டரை நிமிஷத்தை அந்த ஒரு வினைச்சொல்லுக்கே செலவழித்தாள். தலைப்பை விட்டு வெளியே போகிறீர்கள் என்று நடுவர் மணி அடித்தார். மூன்றாம் பரிசு. பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னோம். “குடுத்தாங்களா, வாங்குனீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.